பதுளைப் பாதை வரைபடத்தில் மினுங்கிய பெட்டிகள்: ஜேகுவெரி ஹோவர் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பக்கமும் முறைப்பாடும்

பண்டாரவளைப் பக்கத்தில் 4 அறைகள் கொண்ட ஒரு விடுதி, அதோடு ஒட்டிய தேயிலைக் கடை. இரண்டுக்கும் சேர்த்து ஓர் இணையத்தளம். முகப்பில் நாவலப்பிட்டியிலிருந்து பதுளை வரையான புகையிரதப் பாதையின் வரைபடம் இருக்கிறது. 12 நிலையங்கள், ஒவ்வொன்றும் 14 பிக்சல் விட்டமுள்ள ஒரு புள்ளி. புள்ளி மேல் மவுஸைக் கொண்டுபோனால் ஒரு குறிப்புப் பெட்டி விரியும். நுவரெலியாவுக்கு நானுஓயாவில் இறங்க வேண்டும்; பட்டிப்பொல நாட்டின் ஆக உயர்ந்த நிலையம்; தெமோதரையில் பாதை வளைந்து வந்து, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் புகுந்து போகிறது. இப்படி இரண்டு மூன்று வரி, ஒரு சிறு படம்.

வரைபடத்துக்குக் கீழே தேயிலை அட்டைகள். பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., ஓ.பி., பெக்கோ, டஸ்ட் என்று இலையின் தர வகைக்கு ஒன்று. மவுஸ் பட்டதும் அட்டை 8 பிக்சல் மேலே எழும்பும். பக்கெட்டின் படம் மாறி, ஊற்றிய தேநீரின் நிறம் தெரியும். மேலே உயர்நிலம், இடைநிலம், தாழ்நிலம் என்று மூன்று பொத்தான்கள். அழுத்தினால் அந்த உயரத்தில் விளைந்த தேயிலைகளின் அட்டைகள் சர்வரிலிருந்து புதிதாக வந்து விழும்.

எங்களிடம் வந்த முறைப்பாடுகள் ஐந்து. மவுஸை எடுத்துவிட்ட பிறகும் குறிப்புப் பெட்டிகள் தாமாகவே திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. ஹட்டனிலிருந்து எல்லவுக்கு மவுஸை நகர்த்தினால் நடுவில் உள்ள எல்லா நிலையமும் வாயைத் திறக்கிறது. அட்டையின் கீழ் விளிம்பில் மவுஸ் நின்றால் அட்டை நடுங்குகிறது. உயரப் பொத்தானை அழுத்தி வந்த அட்டைகள் அசைவதே இல்லை. போனில் பார்த்தால் குறிப்பை வாசிக்கவே முடியவில்லை. மலையகத்துக்கு வருகிறவர்கள் இந்த வரைபடத்தைத் திறப்பது பெரும்பாலும் ரயிலில் இருந்தபடி, கையில் உள்ள போனில். அதனால் கடைசி முறைப்பாட்டைத்தான் முதலாவதாக எடுத்திருக்க வேண்டும். ஆனால் அதைச் சரிசெய்ய, மற்ற நான்கும் ஏன் நடந்தன என்று தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

தளம் பழைய டெம்ப்ளேட் ஒன்றில் கட்டியது. ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் 1.8 ஆம் பதிப்பில் எழுதிய கோடு (நிரல்); அண்மையில் 3 ஆம் பதிப்புக்கு ஏற்றியிருந்தார்கள்.

பெட்டி ஏன் தானாக ஆடியது

வரைபடக் கோடில் ‘மவுஸ்ஓவர்’ (மவுஸ் மேலே வந்தது) வந்தால் ‘ஸ்லைட்டவுன்’ (கீழே விரி), ‘மவுஸ்அவுட்’ (மவுஸ் விலகியது) வந்தால் ‘ஸ்லைட்அப்’ (மேலே சுருங்கு) என்று இருந்தது. பார்வைக்குப் பிழையில்லாத கோடு. இந்த இரண்டு ஈவன்டும் (பிரவுசர் விடும் நிகழ்வு அறிவிப்புகள்) உள்ளே இருக்கும் உருப்படியிலிருந்து அதைச் சூழும் உருப்படிக்கு மேல்நோக்கிப் பரவும் குணமுள்ளவை என்பதில்தான் சிக்கல். குறிப்புப் பெட்டிக்குள் ஒரு படமும் ஒரு பத்தியும் இருக்கின்றன. மவுஸ் படத்திலிருந்து பத்திக்கு நகரும்போது படம் ஒரு ‘மவுஸ்அவுட்’ விடுகிறது, பத்தி ஒரு ‘மவுஸ்ஓவர்’ விடுகிறது. இரண்டும் மேலே ஏறிப் புள்ளியின் ஹேன்ட்லரை (ஈவன்ட் வந்தால் ஓடும் கோடு) தட்டுகின்றன. பார்க்கிறவர் பெட்டியை விட்டு வெளியே போகவே இல்லை. கோடோ போய்விட்டுத் திரும்பி வந்ததாக எடுத்துக்கொள்கிறது.

‘மவுஸ்என்டர்’, ‘மவுஸ்லீவ்’ இரண்டும் இப்படிப் பரவாது. எல்லைக்கோட்டைத் தாண்டும்போது மட்டும் ஒரு முறை வரும். ஜேகுவெரியின் ‘ஹோவர்’ முறை இவை இரண்டையும் சேர்த்துக் கட்டும் குறுக்குவழிதான், 3.3 பதிப்பிலிருந்து அது கைவிடப்படும் பட்டியலில் இருக்கிறது. வேலை செய்யும், ஆனாலும் புதிதாக எழுதுகிறவர்கள், ஈவன்டோடு ஹேன்ட்லரைக் கட்டும் ‘ஆன்’ முறையோடு இரண்டு ஈவன்ட் பெயரையும் வெளிப்படையாக எழுதுவதே நல்லது.

இரண்டாவது காரணம் வரிசை. ஜேகுவெரி ஓர் உருப்படியின் அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைக்கும். ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும். நேரம் குறிப்பிடாவிட்டால் ஓர் அசைவு 400 மில்லிசெக்கன். மவுஸ் ஒரு புள்ளியை 5 முறை உரசினால் 5 திறப்பு, 5 மூடல், ஆக 4,000 மில்லிசெக்கன். மவுஸ் எப்போதோ போய்விட்டது. பெட்டி 4 செக்கனுக்கு ஆடி அடங்குகிறது.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, அசைவுக்கு முன்னால் ‘ஸ்டொப்’ போடுவது. அதன் இரண்டு தெரிவுகளையும் விளங்கிப் போட வேண்டும். முதலாவது ‘ட்ரூ’ (ஆம்) என்றால் காத்திருக்கும் வரிசை கலைக்கப்படும். இரண்டாவதும் ‘ட்ரூ’ என்றால், ஓடிக்கொண்டிருக்கும் அசைவு சட்டென்று முடிவு நிலைக்குத் தாவும். அந்தத் தாவல் கண்ணுக்கு ஒரு வெட்டாகத் தெரியும். முதலாவதை மட்டும் கொடுத்தால் பாதியில் நின்று அங்கிருந்தே திரும்பும், அதுதான் இதமாக இருக்கும். 1.7 க்கு முந்திய பதிப்புகளில் இப்படிப் பாதியில் நிறுத்தினால் பழைய உயரத்தை ஜேகுவெரி மறந்துவிடும். பெட்டி அரைகுறை உயரத்திலேயே நின்றுவிடும். பழைய தளங்களில் பாதி வெட்டுப்பட்ட மெனு தொங்குவதைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்தப் பக்கத்தில் ‘ஸ்டொப்’ போட்டுப் பார்த்ததில் ஆட்டம் நின்றது. என்றாலும் ‘ஸ்லைட்’ அசைவையே முழுதாக எடுத்துவிட்டோம். உயரத்தை அசைத்தால் பிரவுசர் ஒவ்வொரு சட்டகத்துக்கும் பக்கத்தின் அமைப்பைத் திரும்பக் கணக்கிட வேண்டும். மலிவான போன்களில் அது தடக்கும். அதோடு பெட்டியின் உயரத்தை 90 பிக்சல் என்று கையால் கட்டியிருந்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டு வரியில் முடியும் குறிப்பு தமிழில் மூன்று வரிக்குப் போகும், எழுத்தும் உயரம் கூடியது. கடைசி வரியின் கால் பாகம் வெட்டுப்பட்டே கிடந்தது. சிங்களப் பக்கத்திலும் அதே கதை.

இப்போது ஜேகுவெரி செய்வது ஒரே வேலை: ‘திறந்தது’ என்ற கிளாஸை, அதாவது உருப்படியில் ஒட்டும் ஒரு பெயரை, சேர்ப்பது, எடுப்பது. எப்போது என்பதை ஜேகுவெரி முடிவு செய்யும், எப்படி என்பதை, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் வரையும். மூடிய நிலையில் ஒபாசிட்டி (ஒளிபுகாத் தன்மை) 0, விசிபிலிட்டி (தெரியும் நிலை) ‘ஹிடன்’ (மறைவு), 4 பிக்சல் கீழே இறக்கம். திறந்தால் ஒபாசிட்டி 1, இறக்கம் 0, 150 மில்லிசெக்கன். மூடும்போது விசிபிலிட்டி மாற்றத்துக்கு 150 மில்லிசெக்கன் தாமதம் கொடுக்க மறக்கக் கூடாது. மறந்தால் மங்கி மறையாமல் சட்டென்று காணாமல் போகும். கிளாஸுக்கு வரிசை கிடையாது. எத்தனை முறை உரசினாலும் அது இருக்கும், அல்லது இருக்காது. அசைவைக் குறைக்கும்படி சாதனத்தில் தெரிவு செய்தவர்களுக்கு நேரத்தை 0 ஆக்கும் ஒரு மீடியா குவெரியும் (சாதனத்தின் தன்மையைப் பார்த்துப் பொருந்தும் சிஎஸ்எஸ் விதி) சேர்த்தோம்.

ஹட்டனிலிருந்து எல்லவுக்கு

இந்த வரைபடத்தில் ஹட்டனுக்கும் எல்லவுக்கும் இடையில் தலவாக்கலை, நானுஓயா, பட்டிப்பொல, ஒஹிய, அப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை என்று 7 புள்ளிகள். கோட்டின் மேலாக மவுஸை இழுத்தால் ஏழும் திறக்கத்தான் செய்யும். மவுஸ் ஒரு புள்ளியைத் தொட்டது என்பது வேறு, அதை அவர் பார்க்க விரும்புகிறார் என்பது வேறு. இரண்டையும் பிரிக்கச் சிறிது தாமதம் வேண்டும்.

திறக்க 120 மில்லிசெக்கன், மூட 300 மில்லிசெக்கன் என்று வைத்தோம். வரைபடம் முழுவதற்கும் ஒரே ஒரு டைமர். மவுஸ் உள்ளே வந்ததும் ஓடும் டைமரை நிறுத்திவிட்டுத் திறப்பு டைமரைத் தொடங்கும். வெளியே போனதும் மறுபடி நிறுத்திவிட்டு மூடல் டைமரைத் தொடங்கும். திறக்கும் ஃபங்ஷன் முதலில் எல்லாப் பெட்டியிலிருந்தும் கிளாஸை எடுத்து, பிறகு தனக்குரியதில் மட்டும் சேர்க்கும். உள்ளே வரும்போது பழைய டைமரை நிறுத்தாமல் விடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. அப்படி விட்டால் தலவாக்கலையை விட்டு வந்தபோது வைத்த மூடல் டைமர், இப்போதுதான் திறந்த நானுஓயாவின் பெட்டியைச் சாத்திவிடும். புள்ளிக்கு ஒரு டைமர் என்று வைத்தாலும் இரண்டு பெட்டி ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும் கணங்கள் வரும்.

‘ஹோவர்இன்டென்ட்’ என்ற பிளகின் (ஜேகுவெரியோடு சேர்க்கும் துணைக் கோடு) இதையே இன்னும் நுட்பமாகச் செய்கிறது. 100 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை மவுஸ் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து, நகர்வு சில பிக்சலுக்குள் அடங்கினால்தான் திறக்கும். பெரிய மெனுக்களுக்கு அது நன்றாக உதவும். 14 பிக்சல் புள்ளிக்குத் தாமதமே போதும் என்பதால் சேர்க்கவில்லை.

தாமதம் இன்னொன்றையும் தீர்த்தது. பக்கத்தைச் சக்கரத்தால் உருட்டும்போது மவுஸ் அசையாமல் நிற்க, புள்ளிகள் அதன் அடியில் ஓடும். குரோம் அதையும் உள்நுழைவாகவே எண்ணி ஈவன்ட் விடும். முன்பு உருட்டும்போதெல்லாம் பெட்டிகள் வெடித்து வெடித்துத் திறந்தன.

மூடலுக்கு ஏன் 300? பெட்டி புள்ளிக்கு 10 பிக்சல் மேலே நிற்கிறது. அந்த இடைவெளி யாருக்கும் சொந்தமில்லாத நிலம். புள்ளியிலிருந்து பெட்டிக்குள் இருக்கும் இணைப்பைத் தொடப் போகிறவர் அதைக் கடக்க வேண்டும். தாமதத்தோடு, பெட்டியின் அடியில் 10 பிக்சல் உயரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு துண்டையும் சிஎஸ்எஸ்ஸில் ஒட்டினோம். தாமதம் அவசரக்காரருக்கு, துண்டு நிதானமாக நகர்த்துகிறவருக்கு. கை நடுங்குகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும். 2018 இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற இணைய அணுகல் வழிகாட்டியின் 1.4.13 ஆம் விதி கேட்பதும் இதைத்தான்: ஹோவரில் வந்த பெட்டி மேல் மவுஸைக் கொண்டுபோக முடிய வேண்டும், மவுஸை நகர்த்தாமலே அதை மூட முடிய வேண்டும், பார்க்கிறவர் விடும்வரை அது நிற்க வேண்டும். மூடுவதற்கு எஸ்கேப் விசை.

நடுங்கிய அட்டை, அசையாத அட்டை

அட்டையின் கீழ் விளிம்பிலிருந்து 3 பிக்சல் உள்ளே மவுஸ் நிற்கிறது என்று வையுங்கள். உள்நுழைவு ஈவன்ட் வருகிறது, அட்டை 8 பிக்சல் மேலே போகிறது. இப்போது மவுஸுக்கு அடியில் அட்டை இல்லை. வெளியேறல் ஈவன்ட் வருகிறது, அட்டை கீழே இறங்குகிறது, மறுபடி மவுஸ் உள்ளே. முடிவில்லாத சுற்று. நேரத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இது தீராது. கேட்கும் உருப்படியும் அசையும் உருப்படியும் வேறு வேறாக இருக்க வேண்டும். வெளிக்கூடு அசையாமல் நின்று மவுஸைக் கவனிக்க, உள் அட்டை மட்டும் சிஎஸ்எஸ்ஸின் ‘ட்ரான்ஸ்ஃபோம்’ மூலம் எழும்புமாறு மாற்றியதும் நடுக்கம் நின்றது. இந்த எழும்பலுக்கு ஜாவாஸ்கிரிப்டே தேவையில்லை; சிஎஸ்எஸ்ஸின் ஹோவர் போதும். அதை, ஹோவர் செய்யக்கூடிய சாதனங்களுக்கு மட்டும் என்ற மீடியா குவெரிக்குள் வைத்தோம். இல்லாவிட்டால் போனில் தட்டிய அட்டை, வேறெங்காவது தட்டும்வரை தூக்கியபடியே நிற்கும்.

படம் மாறும்போது முதல் தடவை ஒரு வெற்று மினுக்கம் வந்தது. இரண்டாவது படத்தை மவுஸ் பட்ட பிறகுதான் கேட்டு எடுக்கிறது என்பதே காரணம். பள்ளத்தாக்குகளில் சிக்னல் மெலிந்த இடத்தில் அது மினுக்கமாக இருக்காது, நீண்ட வெறுமையாக இருக்கும். 5 அட்டைக்கும் படத்துக்கு 40 கிலோபைட் வீதம் 200 கிலோபைட். மவுஸ் உள்ள சாதனம் என்று, ஜாவாஸ்கிரிப்டில் மீடியா குவெரியைக் கேட்கும் ‘மேட்ச்மீடியா’ சொன்னால் மட்டும், பக்கம் முழுதாக ஏறிய பிறகு அவற்றை முன்கூட்டியே எடுக்கிறோம். போன்காரர் அட்டையைத் தட்டினால் மட்டுமே அவருடைய டேட்டா செலவாகும்.

அசையாத அட்டைகளுக்குக் காரணங்கள் இரண்டு, ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டிருந்தன. முதலாவது: ஹேன்ட்லரைப் பக்கம் திறந்தபோது இருந்த அட்டைகளில் நேராகக் கட்டியிருந்தார்கள், பிறகு வந்தவற்றுக்கு அது தெரியாது. இதைக் கண்டு, தாங்கும் பெட்டியில் கட்டி உள்ளே உள்ள அட்டைகளுக்குப் பொறுப்பை ஒப்படைக்கும் முறைக்கு முன்பே மாற்றியிருந்தார்கள். அப்படியும் வேலை செய்யவில்லை. காரணம், ‘ஆன்’ முறைக்குக் கொடுத்த ஈவன்டின் பெயர் ‘ஹோவர்’. அப்படி ஓர் ஈவன்ட் பிரவுசரில் கிடையாது. பழைய ஜேகுவெரி அதை இரண்டாக உடைத்துக் கொடுத்தது. 1.8 இல் அதைக் கைவிடுவதாக அறிவித்து, 1.9 இல் எடுத்துவிட்டார்கள். புதிய பதிப்பு அதை ஏதோ நாமே வைத்த பெயர் என்று எடுத்து, ஒருபோதும் வராத ஈவன்டுக்காக அமைதியாகக் காத்திருக்கும். பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில் ஒரு சிவப்பு வரிகூட வராது. 1.8 இலிருந்து ஏறுகிறவர்கள் ‘மைக்ரேட்’ பிளகினின் 1 ஆம் பதிப்பைப் போட்டு ஒரு முறை ஓட்டினால் அது எச்சரிக்கும். அல்லது கோடு முழுவதும் தேடிப் பார்க்க வேண்டும்.

பெயரை ‘மவுஸ்என்டர் மவுஸ்லீவ்’ என்று மாற்றியதும் சரியானது. இங்கே ஓர் எச்சரிக்கை. பரவாத ஈவன்டை மேலே நின்று பிடிக்க ஜேகுவெரியால் முடிவது, அது உள்ளுக்குள் ‘மவுஸ்ஓவர்’ ஐக் கேட்டு, மவுஸ் எங்கிருந்து வந்தது என்று பார்த்து வடிகட்டுவதால். ஜேகுவெரியை நாளைக்கு எடுத்துவிட்டு வெறும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால் அந்த வடிகட்டலை நாமே எழுத வேண்டும்.

போன்

விரலுக்கு ஹோவர் இல்லை. தட்டினால் பிரவுசர் பழைய பக்கங்களுக்காக மவுஸ் ஈவன்டுகளையும் ஒரு மூச்சில் விட்டு, கடைசியில் ‘கிளிக்’ விடும். பழைய பக்கத்தில் புள்ளி ஓர் இணைப்புக்குள் இருந்தது. அன்ட்ரொயிட்டில் பெட்டி திறக்கத் தொடங்கும் முன்பே இணைப்பு வேறு பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டது. ஐபோனில், ஹோவரால் புதிதாக ஏதாவது தோன்றினால் சஃபாரி கிளிக்கைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். அதனால் அங்கே எல்லாவற்றையும் இரண்டு முறை தட்ட வேண்டியிருந்தது.

புதிய அமைப்பில் ஒவ்வொரு நிலையமும் ஒரு கூடு. அதற்குள் புள்ளிக்கு ஓர் உண்மையான பொத்தான், பக்கத்தில் குறிப்புப் பெட்டி, இணைப்பு பெட்டிக்குள். கேட்பது, மவுஸுக்கும் விரலுக்கும் பொதுவான ‘பொயின்டர்என்டர்’, ‘பொயின்டர்லீவ்’. ஈவன்டின் ‘பொயின்டர்டைப்’ விரல் என்று சொன்னால் ஹேன்ட்லர் எதுவும் செய்யாமல் திரும்பும். விரலுக்குக் கிளிக்கில் திறப்பு, மறுகிளிக்கில் மூடல். வெளியே தட்டினால் மூட, ஆவணத்தில் ‘பொயின்டர்டவுன்’ ஐக் கேட்கிறோம்; வெற்று இடத்தில் தட்டும்போது ஐபோன் கிளிக்கை எப்போதும் மேலே அனுப்பாது.

பக்கம் திறக்கும்போதே ‘இது டச் சாதனமா’ என்று ஒரு முறை கேட்டு முடிவெடுக்கும் கோடு பல இடங்களில் இருக்கிறது. டச் திரையுள்ள மடிக்கணினியில் அது ஹோவரை முற்றாகக் கொன்றுவிடும். ஒவ்வொரு ஈவன்டிடமும் அதன் வகையைக் கேட்பதே சரி.

இந்த வேலையில் அதிக நேரம் எடுத்த பிழை விசைப்பலகைக்காகச் சேர்த்த வரியால் வந்தது. டாப் விசையால் வருகிறவருக்குப் பெட்டி திறக்க, பொத்தான் ஃபோகஸ் பெறும்போது (விசைகள் அதற்குப் போகும் நிலைக்கு வரும்போது) வரும் ‘ஃபோகஸ்இன்’ இல் திறக்கும் ஃபங்ஷனைக் கட்டினோம். உடனே அன்ட்ரொயிட்டில் புள்ளியைத் தட்டினால் பெட்டி கண் சிமிட்டும் நேரம் தெரிந்து மூடிக்கொண்டது. ஐபோனில் எந்தக் குறையும் இல்லை. தட்டும்போது பொத்தான் முதலில் ஃபோகஸ் பெறுகிறது, பெட்டி திறக்கிறது. அடுத்து வரும் கிளிக், திறந்திருக்கிறதே என்று மூடுகிறது. சஃபாரி தட்டிய பொத்தானுக்கு ஃபோகஸ் கொடுப்பதில்லை, அதனால் அங்கே பிழை ஒளிந்துகொண்டது. ‘ஃபோகஸ்இன்’ ஹேன்ட்லரில், பொத்தான் ‘ஃபோகஸ்-விசிபிள்’ நிலையில் (பிரவுசர் ஃபோகஸை வெளிப்படையாகக் காட்டும் நிலை; விசைப்பலகையால் வந்தால் இருக்கும், தட்டினால் இருக்காது) இருக்கிறதா என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் திறக்குமாறு மாற்றியதும் தீர்ந்தது. ‘ஃபோகஸ்அவுட்’ வரும்போதும் ஃபோகஸ் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அதே கூட்டுக்குள் இருக்கும் இணைப்புக்குப் போனால் மூடக் கூடாது.

மவுஸ்காரரிடமும் இதன் நிழல் இருந்தது. ஹோவரில் பெட்டி திறந்திருக்க, பழக்கத்தில் புள்ளியைக் கிளிக் செய்வார், மூடிவிடும். கடைசி ‘பொயின்டர்டவுன்’ இன் வகையைக் குறித்து வைத்து, மவுஸாக இருந்தால் கிளிக் திறக்க மட்டும் செய்யும், மூடாது என்று பிரித்தோம்.

சோதித்த விதம்

குரோமின் கருவிப் பலகையில் ‘ஹோவர்’ நிலையை வலிந்து வைக்கும் வசதி சிஎஸ்எஸ்ஸுக்கு மட்டும்தான். ஜாவாஸ்கிரிப்ட் ஈவன்ட் எதையும் அது விடாது. அதில் பார்த்து, பெட்டி திறக்கவில்லை என்று கோடைக் குறை சொல்லக் கூடாது. திறந்த பெட்டியை ஆராய வேண்டுமானால் 3,000 மில்லிசெக்கன் கழித்து, கோடை அந்த இடத்திலேயே நிறுத்தும் ‘டிபகர்’ ஐ அழைக்கும் ஒரு டைமரைக் கன்சோலில் போட்டு, அதற்குள் மவுஸைப் புள்ளியில் வைத்தால் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும். ஆறுதலாக அளந்து பார்க்கலாம்.

ஒரு புள்ளியை 5 முறை வேகமாக உரசல், ஹட்டனிலிருந்து எல்ல வரை இழுத்தல், மவுஸை வரைபடத்தில் வைத்துக்கொண்டே சக்கரம் உருட்டல், உயரப் பொத்தானை மூன்று முறை மாற்றிய பின் அட்டையைத் தொடல், டாப் விசையால் 12 நிலையத்தையும் கடந்து ஒவ்வொன்றிலும் எஸ்கேப். இவை எல்லாவற்றையும் மூன்று மொழிப் பக்கத்திலும், உண்மையான ஓர் அன்ட்ரொயிட்டிலும் ஓர் ஐபோனிலும் செய்தோம். உருவகப்படுத்திய போன் திரை அந்த ஃபோகஸ் வித்தியாசத்தைக் காட்டாது.

கடைசியாகப் பிடிபட்டது பெட்டி நிற்கும் இடம். பழைய கோடு பக்கம் திறந்ததும் பெட்டியின் உயரத்தை அளந்து, அதை வைத்து மேலே நிறுத்தியது. தமிழ் எழுத்துரு அதற்குப் பிறகுதான் வந்து சேரும். வந்ததும் வரிகள் உயர்ந்து, பெட்டியின் அடி புள்ளியை மூடிவிடும். பெட்டியின் அடியைப் புள்ளியின் தலையோடு சிஎஸ்எஸ்ஸிலேயே கட்டிவிட்டால் உயரம் என்ன என்று யாரும் அளக்க வேண்டியதில்லை. அகலத்தை மட்டும் அளக்கிறோம், அதுவும் திறக்கும் கணத்தில்: பதுளை வரைபடத்தின் வலது ஓரத்தில் இருப்பதால், திரைக்கு வெளியே போகும் அளவு வந்தால் பெட்டியை இடப்பக்கம் சாய்க்கும் ஒரு கிளாஸ் சேரும். 360 பிக்சல் அகலப் போனில் தெமோதரைக்கும் அது தேவைப்பட்டது.